நான்காவது திருகாணி

நோலீன் பாஸ்கோ உயிரோடு இருந்தவரை அவள் பெயர் அச்சில் ஒரே ஒரு இடத்தில்தான் வந்தது. ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், "மேற்பரப்பைத் தயார்செய்து தந்த திருமதி என். பாஸ்கோவுக்கு நன்றி" என்று. அந்தக் கட்டுரையைப் பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதன் முழுக் காரணம் தெரிந்தவர்கள் மூன்று பேர். இன்று இருவர் இருக்கிறோம்.

ஹட் பள்ளத்தாக்கின் கோடியில், குன்றடியில் இருந்த அரசு ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை பார்த்தாள். நான் அங்கே பட்டறையில் லேத் ஓட்டினேன். என் பெயர் ஹெங்க். ஒன்பது வயதில் ஹாலந்திலிருந்து கப்பலில் வந்தவன். நானும் அவளும் குன்றுக்கு அந்தப் பக்கம் வைனுயோமட்டாவில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தோம். காலையில் ஒரே பஸ். குளிர்ந்த தென்காற்று பலமாக அடிக்கிற நாட்களில் அந்த மலைப்பாதை வளைவில் பஸ் ஒரு உலுக்கு உலுக்கும். "உன் லேத்த விட இது நேரா ஓடுது" என்பாள்.

அவள் படித்தது பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் உலோகத்தின் மேற்பரப்பைச் சுத்தம் செய்வதில் அவளுக்கு இணையாக அந்த நாட்டில் ஆள் இல்லை. விரல் நகம் அளவு ஒரு உலோகப் படிகம். அதை எஃகுக் கலத்துக்குள் வைத்து, உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, ஆர்கான் அயனிகளால் சுரண்ட வேண்டும். பிறகு செக்கச்செவேலென்று சூடாக்க வேண்டும். மறுபடி சுரண்டல், மறுபடி சூடு. ஆறு வாரம், எட்டு வாரம். அவள் அதைப் பாத்திரம் துலக்குவது என்பாள். "என் பாத்திரத்துல ஒரு அணு அழுக்கு இருந்தாலும் லாக்லன் சாப்பிட மாட்டாரு."

லாக்லன் டெவரோ என்ற விஞ்ஞானிதான் அந்தக் கலம் இருந்த இயந்திரத்துக்குச் சொந்தக்காரர் மாதிரி. மெலிந்த உயரமான மனிதர். மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டே இருப்பார். அவர் செய்ததை எனக்கு விளங்கிய மட்டும் சொல்கிறேன். தட்டைக் கல்லை ஏரித் தண்ணீரில் சாய்த்து எறிந்தால் அது மூழ்காமல் மேலேயே தொட்டுத் தொட்டுப் போகும். அதுபோல அயனிகளை வேகமாக, படிகத்தின் மேல் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் விடுவார். அயனி என்பது எலெக்ட்ரானைப் பறிகொடுத்த அணு. மேல்பரப்பை உரசிப் போகும்போது அங்கிருந்து ஒரு எலெக்ட்ரானைப் பிடுங்கிக்கொண்டு போகும். ஒவ்வொரு எலெக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம். பிடுங்கி வந்தவை எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், அந்த உலோகத்தின் மேல்தோல், ஒரே ஒரு அடுக்கு அணு, காந்தமா இல்லையா என்று தெரிந்துவிடும். அதற்குக் கீழே இருக்கும் எதையும் அயனி தொடுவதில்லை. அதனால்தான் மேற்பரப்பு அவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும்.

பல்லேடியம் என்ற உலோகம் காந்தம் இல்லை. ஆனால் காந்தமாவதற்கு ஒரு நூல் இடைவெளியில் நிற்பது. உள்ளே இல்லாவிட்டாலும் அதன் மேல்தோலில் காந்தத்தன்மை இருக்கும் என்பது லாக்லனின் பல வருஷத்து எண்ணம். அதை நிரூபிக்கும் வேலையை மிரியமா பேவாயிடம் கொடுத்திருந்தார். மிரியமா கிழக்குக் கரையில் டோகோமாரு விரிகுடாப் பக்கத்து மாவோரிப் பெண், அந்த நாட்டுப் பூர்வகுடி. இருபத்தைந்து வயது. அப்பா காட்டில் மரம் வெட்டுகிறவர். டாக்டர் பட்டத்துக்குப் படித்த முதல் ஆள் அவள்தான், அவள் வீட்டில் மட்டுமல்ல, அவள் ஊரிலேயே. நோலீனை "ஆன்ட்டி" என்றுதான் கூப்பிடுவாள்.

1983 பிப்ரவரியில் நோலீனின் மகன் கிராண்ட் இறந்தான். ஒரே பிள்ளை, இருபத்திரண்டு வயது. புருஷன் ஆஸ்திரேலியாவுக்குப் போய்த் திரும்பாத பிறகு அவள் தனியாக வளர்த்த பையன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு தென்கரைப் பாறைகளில் பாவா சிப்பி எடுக்க மூழ்கினான். மற்ற இருவரும் மேலே வந்தார்கள். மறுநாள் மதியம்தான் அவனைக் கண்டெடுத்தார்கள்.

இரண்டே வாரத்தில் நோலீன் வேலைக்கு வந்துவிட்டாள். "இன்னும் கொஞ்ச நாள் வீட்டுல இரேன்" என்றேன் பஸ்ஸில்.

"வீட்டுல இருந்தா அவன் பூட்ஸ் வாசல்ல கெடக்கு. எடுத்து உள்ள வைக்கவும் முடியல, தூக்கிப் போடவும் முடியல. இங்க வந்தா கைக்கு வேலையாவது இருக்கும்."

அந்த வாரம்தான் அவள் பல்லேடியம் படிகத்தைத் தாங்கியில் பொருத்தினாள். நான்கு திருகாணிகள், ஒவ்வொன்றும் அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரியது. மாலிப்டினம் என்ற, காந்தம் ஒட்டாத உலோகத்தில் நான் கடைந்து கொடுத்தவை. இரும்பு சேர்ந்த எதுவும் படிகத்தைத் தொடக் கூடாது என்பது விதி. அதற்காக அவள் ஒரு சின்னக் காந்தத்தை நூலில் கட்டி மேசையோரம் தொங்கவிட்டிருப்பாள். உள்ளே போகிற ஒவ்வொரு துண்டின் மேலும் அதை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் பொருத்துவாள்.

ஜூன் மாதம் காந்தத்தன்மை தெரிந்தது. சின்னதுதான், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல். லாக்லன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறுங்கண்ணால் இயந்திரம் கோடு வரைந்த காகிதச் சுருளைப் பார்த்துக்கொண்டே நின்றாராம். இரண்டு கட்டுரைகள் வந்தன. ஜெர்மனியில் ஒரு மாநாட்டுக்கு அழைத்தார்கள். தேநீர் அறையில் மிரியமா எல்லாருக்கும் கிரீம் வைத்த கேக் வெட்டினாள். நோலீனும் ஒரு துண்டு தின்றாள். கிராண்ட் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

1985 மார்ச். படிகத்தைச் சூடாக்கும் கம்பி அறுந்துபோய்க் கலத்தைத் திறக்க வேண்டியதாயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை காலை நோலீன் ஒரு கண்ணாடித் தட்டை ஏந்திக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். தட்டில் நான்கு திருகாணிகள். மற்றொரு கையில் நூலில் கட்டிய காந்தம்.

"இதப் பாரு ஹெங்க்."

காந்தத்தைத் தட்டின் மேல் மெல்லக் கொண்டுபோனாள். மூன்று அசையவில்லை. நான்காவது துள்ளி வந்து ஒட்டிக்கொண்டது.

"இது என்ன உலோகம்?"

எடுத்துப் பார்த்தேன். பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. "ஸ்டீல்."

"சாதா ஸ்டீலா?"

"சாதா ஸ்டீல்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் துணியை எடுத்துக் கையைத் துடைத்தேன்.

மாலிப்டினம் நொறுங்குகிற ஜாதி. அதைக் கடைவதற்கு முன் மரை சரியாக வருகிறதா என்று பார்க்க, மலிவான எஃகில் ஒன்றைக் கடைந்து பார்ப்பது என் வழக்கம். அந்த முறை நான்கு மாலிப்டினத்தில் ஒன்றின் தலை உடைந்துவிட்டது. நான்கு என்று எண்ணி டப்பாவில் போட்டபோது வெள்ளோட்டத்துக்குக் கடைந்ததையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன். இரண்டும் ஒரே சாம்பல் நிறம்தான். தட்டில் அதைப் பார்த்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் நான் வாய் திறக்கவில்லை. அந்த மாதம்தான் பட்டறையில் ஐந்து பேரை மூன்றாகக் குறைக்கப் போவதாகப் பட்டியல் ஒன்று போட்டிருந்தார்கள். என் பெயர் அதில் இருந்தது. வீட்டில் மூன்று குழந்தைகள்.

"அன்னிக்கு நான் காந்தத்த வெச்சுப் பாக்கல" என்றாள் அவள். "பாத்தேனான்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். அந்த வாரமே ஞாபகம் இல்ல. பாத்திருந்தா இது உள்ள போயிருக்காது."

"ஒரு சின்ன ஸ்க்ரூ, நோலீன்."

"பல்லேடியத்துக்கு அது போதும். நூறு தடவ செவக்க செவக்க சூடாக்கியிருக்கேன். அதுல இருந்த இரும்பு படிகத்து மேல ஏறியிருக்கும். அளந்து பாத்தாக்கூடத் தெரியாத அளவு. ஒரு இரும்பணு போய் உக்காந்தா சுத்தி இருக்கற பல்லேடியம் எல்லாத்தையும் காந்தமாக்கிடும்னு லாக்லனே சொல்லியிருக்காரு."

அவள் லாக்லனிடம் சொன்னபோது நான் அந்த அறையில்தான் இருந்தேன். கம்பி மாற்றக் கூப்பிட்டிருந்தார்கள். ஸ்பேனரும் கையுமாகக் கலத்துக்குப் பின்னால் குனிந்திருந்தேன். அவர் காந்தத்தை வாங்கித் தானே மூன்று தடவை வைத்துப் பார்த்தார். மூன்று தடவையும் அது துள்ளியது. காந்தத்தை மேசையில் வைத்துவிட்டு, "சாப்டாச்சா நோலீன்?" என்றார்.

"இல்ல."

"பையன் போய் ரெண்டு வாரம்தான் ஆகியிருந்துச்சு. அப்ப உங்கள வேலைக்கு வர விட்டது என் தப்பு."

"கிராண்ட இதுக்குள்ள இழுக்காதீங்க" என்றாள். குரல் உயரவில்லை. "அவன் செத்ததுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. மாட்டினது நான். பாக்காம மாட்டினது நான்."

"மிரியமாகிட்ட நான் பேசறேன்."

"இல்ல. நான்தான் சொல்வேன்."

அன்று பிற்பகல் தேநீர் அறையில் சொன்னாள். மிரியமா ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் ஒன்பது வாரம்தான் இருந்தது. கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள், நோலீன் விளையாடுகிறாள் என்று நினைத்து. பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள்.

"எப்ப தெரிஞ்சுது, ஆன்ட்டி?"

"வெள்ளிக்கிழமை கலத்தத் திறந்தப்ப. இன்னிக்குக் காலையிலதான் ஹெங்க்கிட்ட கேட்டு உறுதி பண்ணேன்."

"அப்ப சனி, ஞாயிறு, திங்க. மூணு நாளு யோசிச்சிருக்கீங்க."

"யோசிச்சேன்."

"ஒம்பது வாரம் கழிச்சு சொல்லணும்னு தோணலையா?"

"தோணுச்சு."

மிரியமா எழுந்து கோப்பையைத் தொட்டியில் கழுவினாள். கழுவினதையே திரும்பக் கழுவினாள். "நான் பட்டம் வாங்கற விருந்துக்குன்னு எங்கப்பா ரெண்டு பன்னி கொழுக்க வெச்சிருக்காரு. ஒண்ணுக்கு டாக்டர்னு பேரு வெச்சிருக்காராம். போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு. அவருகிட்ட நான் என்ன சொல்ல?"

நான் அந்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். கையில் இறைச்சி வைத்துச் சுட்ட பேஸ்ட்ரி ஒன்று, பாதி கடித்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

புதுப் படிகம் வரவழைத்தார்கள். புதுத் திருகாணிகளை நானே கடைந்தேன், நானே காந்தம் வைத்துப் பார்த்தேன், அவளும் பார்த்தாள், லாக்லனும் பார்த்தார். மறுபடி பாத்திரம் துலக்கத் தொடங்கினாள். ஏப்ரல், மே, ஜூன். ஆறு மணி பஸ்ஸுக்கே வந்துவிடுவாள். அந்தக் காந்தத்தன்மை உண்மையாகவே இருக்க வேண்டும் என்று அவளைப் போல வேண்டிக்கொண்டவர் யாரும் இருந்திருக்க முடியாது. தப்பு தன்னுடையதாக இருந்தாலும் முடிவு சரியாக இருந்துவிடலாம் அல்லவா. லாக்லன் நினைத்தது உண்மையாக இருக்கலாம், இரும்பு இல்லாமலும்.

ஜூலையில் அளந்தார்கள். கோடு தட்டையாக வந்தது. இரண்டு பக்கம் பார்க்கும் எலெக்ட்ரான்களும் சரிசமம். படிகத்தைத் திருப்பிவைத்து அளந்தார்கள். குளிரவைத்து அளந்தார்கள். தட்டை.

"இன்னும் ரெண்டு வாரம் குடுங்க" என்றாள் நோலீன். "ஓரத்துல கொஞ்சம் கரி இருக்கும்னு நெனைக்கிறேன். இன்னொரு தடவ தேய்க்கிறேன்."

"போதும் நோலீன்."

"ஒரு வாரம்."

"அது சுத்தமாத்தான் இருக்கு" என்றார் லாக்லன். "இவ்வளவு சுத்தமான மேற்பரப்ப நான் பாத்ததே இல்ல."

அவள் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தாள். அதை விரல் விரலாக நேராக்கிவைத்தாள். பிறகு வெளியே போய் மழையில் நின்றாள்.

கட்டுரைகளைத் திரும்பப் பெறும் கடிதத்தை லாக்லன் எழுதினார். தாங்கியிலிருந்து இரும்பு கலந்துவிட்டது, பிழை எங்களுடையது என்று நான்கே வரி. தட்டச்சு செய்யும் முன் நோலீனிடம் காட்டினார்.

"நன்றி சொல்றப்ப என் பேரு போட்டீங்க. இதுலயும் போடுங்க."

"பிழைக்குப் பேர் போடற வழக்கம் இல்ல."

"நல்லதுக்கு மட்டும் எதுக்கு, அப்ப?"

அவர் போடவில்லை. அதைக் கருணை என்று நினைத்திருப்பார். அவளுக்கு அது வேறு மாதிரி பட்டது. என்னிடம் பஸ்ஸில் ஒரே ஒரு தடவை சொன்னாள்: "கணக்குலயே சேர்க்க மாட்டேன்னுட்டாரு."

மிரியமாவுக்கு வேறொரு தலைப்பில் மறுபடி தொடங்கலாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். மூன்று வருஷம் இன்னும் ஆகும். அவள் ஆகஸ்டில் ஊருக்குப் போய்விட்டாள். கடைசி நாள் எல்லாருக்கும் கை கொடுத்தாள். நோலீனுக்கும் கொடுத்தாள். ஆனால் "ஆன்ட்டி" என்று கூப்பிடவில்லை, "நோலீன்" என்றாள். அவர்களுடைய ஆட்கள் பிரியும்போது மூக்கோடு மூக்கு வைத்து நிற்பார்கள். ஒவ்வொரு விடுமுறைக்கும் அவள் நோலீனிடம் அப்படித்தான் விடைபெறுவாள். அன்று கை மட்டும்தான்.

லாக்லன் அந்த வருஷக் கடைசியில் ஓய்வு பெற்று நெல்சன் என்ற ஊர்ப் பக்கம் போனார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நோலீனுக்கு வாழ்த்து அட்டை அனுப்புவார். உள்ளே அவர் பெயர் மட்டும் இருக்கும். இரண்டு வருஷத்தில் இயந்திரத்தையும் நிறுத்தினார்கள். நோலீன் வைனுயோமட்டா பள்ளிக்கூட நூலகத்தில் புத்தகம் அடுக்கப் போனாள். பட்டறைப் பட்டியலிலிருந்து கடைசி நேரத்தில் என் பெயரை எடுத்துவிட்டார்கள். வயதில் மூத்த ஒருவர் தானாகவே விலகிக்கொண்டார்.

பதின்மூன்று வருஷம். நடுவில் எத்தனையோ தடவை அவள் வீட்டில் டீ குடித்திருக்கிறேன். அவள் வீட்டுக் கூரை ஓடுகளை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். சொல்லவில்லை. 1998இல் அவளுக்கு நுரையீரலில் கட்டி என்றார்கள். ஏப்ரலில் என் வீட்டு ஃபீஜோவாப் பழம் ஒரு பை எடுத்துக்கொண்டு போனேன். ஜன்னலோரம் நாற்காலியில் போர்வையோடு உட்கார்ந்திருந்தாள். உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயம்.

"அந்த ஸ்க்ரூ நான் கடஞ்சது, நோலீன். நான்தான் டப்பாவுல போட்டேன்."

"தெரியும்" என்றாள்.

நான் நின்றேன்.

"உக்காரு, கழுத்து வலிக்குது. அந்த ஸ்க்ரூ தலையில வெட்டு ஓரமாப் போயிருந்துச்சு. உன் மொத வெட்டு எப்பவும் ஓரமாத்தான் போவும். இருபது வருஷம் உன் ஸ்க்ரூவத் திருப்பினவ நான்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ சொல்வேன்னுதான் பட்டறையில நின்னேன். நீ கையத் தொடச்சே. அப்புறம் அந்த லிஸ்ட் ஞாபகம் வந்துச்சு."

"கோவம் வரலையா?"

"வராம? ரெண்டு மூணு வருஷம் இருந்துச்சு. டீயோட உனக்குச் சுட்டுக் குடுத்த ஸ்கோன் பன்லயெல்லாம் சக்கர கம்மியாப் போட்டேன். நீ கண்டுபிடிக்கவே இல்ல." சிரிக்கப் போய் இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னாள்: "காந்தத்த வெச்சுப் பாக்கறது என் வேல. நீ நூறு இரும்பு அனுப்பியிருந்தாலும் நான் பாத்திருந்தா உள்ள போயிருக்காது. அது மாறாது ஹெங்க்."

"மிரியமாவுக்கு எழுதட்டுமா?"

"எதுக்கு? கோவப்பட அவளுக்கு ஒரு ஆள் போதும்."

ஜூலையில் நோலீன் போய்விட்டாள். சர்ச்சில் காலை பதினோரு மணிக்குப் பிரார்த்தனை. நான் முன்னதாகவே போய் வண்டி நிறுத்துமிடத்தில் நின்றிருந்தேன். சேறு தெறித்த ஒரு கார் வந்து நின்றது. மிரியமா இறங்கினாள். தலையில் கொஞ்சம் நரை. கிஸ்போர்னில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறாளாம். தினசரியில் இரங்கல் செய்தி பார்த்துவிட்டு முந்தின நாளே கிளம்பி, வழியில் தங்கி வந்திருக்கிறாள்.

"லாக்லன் போயிட்டாரு, தெரியுமா?" என்றாள். "ரெண்டு வருஷமாச்சு."

எனக்குத் தெரியாது. அட்டை நின்றுபோனதை நோலீன் என்னிடம் சொல்லவில்லை.

அங்கேயே, காருக்குப் பக்கத்தில் நின்று, அவளிடம் சொன்னேன். யார் கடைந்தது, யார் எண்ணிப் போட்டது, பட்டறையில் நான் எப்படி நின்றேன், நோலீனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று. வேண்டாம் என்று நோலீன் சொன்னதையும் மீறித்தான் சொன்னேன். அது சரியா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. என் பாரம் இறங்கவா, நோலீன் மேல் இருந்ததைக் கொஞ்சம் இறக்கவா என்றும் தெரியவில்லை.

மிரியமா கார்ச் சாவியை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டே முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தாலும் என் படிப்பு தப்பிச்சிருக்காது, ஹெங்க். பல்லேடியம் பல்லேடியம்தான்" என்றாள். "ஆனா நான் அவங்கள வந்து பாத்திருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னாள். சர்ச்சுக்குள் அப்போது ஆட்கள் யாரும் இல்லை. பெட்டி மட்டும் முன்னால் இருந்தது. மிரியமா நேராகப் போய் அதன் பக்கத்தில் நின்று, மூடியின் மேல் நெற்றியை வைத்தாள். பிறகு நிமிர்ந்து தன் மொழியில் பேசத் தொடங்கினாள், எதிரே இருக்கிற ஆளிடம் பேசுவது போல. இடையிடையே நிறுத்தினாள். சில இடத்தில் குரல் உயர்ந்தது, கோபம் போல. அவர்கள் இறந்தவரிடம் எதையும் மிச்சம் வைக்காமல் பேசுவார்கள். "ஆன்ட்டி" என்ற ஒரு சொல்தான் எனக்கு விளங்கியது. அது திரும்பத் திரும்ப வந்தது.

நான் வாசற்படியில் நின்றேன். உள்ளே போகக் கால் வரவில்லை.